யாத்திரைத் துணை: பிள்ளைகள் உறங்கும் இடம்



தேர்வுகள் முடிந்து விடுமுறை நெருங்கும் காலத்தில் இப்பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் யாத்திரையைப் பற்றியவையாகவே அமைகின்றன. இவ்வாரம் எடுத்துக்கொண்ட கடிதம் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியது. தம் ஊர்ச் சிவாலயத்தில் ஞாயிறுதோறும் திருமுறை வகுப்பு நடத்தி வருகிறார் அவ்வம்மையார். வகுப்பில் 34 மாணவ மாணவியர். பன்னிரண்டு வயது முதல் பதினேழு வயது வரையினர். அவர்களை ராமேசுவரத்துக்கு அழைத்துச் சென்று, இரண்டு இரவு தங்கி, தீர்த்தமாடி, சுவாமி சந்நிதியில் பதிகம் பாடச் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். உடன் செல்லும் பெரியவர்கள் ஐவர்.

தங்குவதற்கு இரண்டு இடங்கள் அவர் முன் உள்ளன. ஒன்று, கோயிலுக்கு அருகில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு விடுதி. ஓர் இரவுக்குத் தலைக்கு 400 ரூபாய். மற்றொன்று, கைப்பேசியில் யாரோ அனுப்பிய விளம்பரம். குளிர்சாதன அறை, காலை உணவு, தலைக்கு 150 ரூபாய் மட்டுமே. ஆனால் முழுத் தொகையையும் அன்றே தம் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்றும், தாமதித்தால் வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகவும் விளம்பரதாரர் கூறுகிறாராம். “பெற்றோர்களில் பலர் அன்றாடக் கூலி செய்பவர்கள். அவர்கள் தரும் பணத்தில் மலிவான இடத்தைத் தேடுவது தவறா?” என்று அம்மையார் வினவுகிறார்.

மலிவான இடத்தைத் தேடுவது தவறே அன்று. நம் முன்னோர் காசே இல்லாமல் காசிக்கும் சேதுவுக்கும் நடந்து சென்று வந்தனர். இலவசமாகத் தங்கும் இடத்திலும் பாதுகாப்பு உண்டு; பெரும் வாடகை வாங்கும் இடத்திலும் பாதுகாப்பு இல்லாமற்போவதுண்டு. ஆகவே வாடகையை முதலில் கேட்கவேண்டா. இந்த இடத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பதே முதற்கேள்வி. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் யாரைத் தட்டி எழுப்புவது? அறை இல்லை என்று சொல்லிவிட்டால் யாரிடம் சென்று கேட்பது? இவற்றுக்கு ஒரு பெயரும், ஒரு முகவரியும், ஒரு முகமும் விடையாகக் கிடைத்தால் அவ்விடத்தை மேற்கொண்டு ஆராயலாம். கிடைக்காவிடில், இலவசமாகத் தந்தாலும் வேண்டா.

சத்திரம் என்னும் பொறுப்பு

இக்கேள்வி புதிதன்று. தஞ்சை மராட்டிய மன்னர்கள் சேதுவுக்குச் செல்லும் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தனர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. அச்சத்திரங்களின் நடைமுறையை விளக்கி, 1801-இல் தஞ்சையிலிருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு மன்னர் ஒரு கடிதம் எழுதினார். வரும் யாத்திரிகர் எக்குலத்தவராயினும் அவர்க்கு உணவு உண்டு. குழந்தைகளுக்குப் பால் உண்டு. நோயுற்றவர்க்கு வைத்தியர் உண்டு. பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர் உண்டு என்று அதில் விவரித்திருக்கிறார். நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருப்பின் வருக என்று அழைக்கும் வழக்கத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்.

நள்ளிரவிலும் யாத்திரிகரைப் பற்றிக் கவலைப்பட ஒருவர் விழித்திருந்தார் என்பதே அம்மணியோசையின் பொருள். சத்திரம் என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டுமன்று. வந்தவரைத் தம் பொறுப்பில் ஏற்பதாகும். இன்று நாம் தேடும் விடுதி பெரிதோ சிறிதோ, அந்தப் பொறுப்பு அதில் உள்ளதா என்று பார்த்தால் போதும்.

விளம்பரத்தை எவ்வாறு சோதிப்பது?

அம்மையாருக்கு வந்த விளம்பரத்தில் மூன்று அடையாளங்கள் உள்ளன. ஊரில் உள்ள விலைக்குச் சற்றும் பொருந்தாத மலிவு; நிறுவனத்தின் கணக்குக்கு அல்லாமல் தனிமனிதரின் எண்ணுக்குப் பணம்; சிந்திக்க நேரம் தராத அவசரம். இம்மூன்றும் ஒன்றுசேர்ந்தால் விலகிவிடுவதே அறிவுடைமை.

யாத்திரிகர்களைக் குறிவைக்கும் இவ்வகை மோசடி பெருகியதால், மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் பயணம், சார்தாம் யாத்திரிகர் விடுதி முதலியவற்றின் பெயரில் போலி இணையதளங்களும் சமூக ஊடகப் பக்கங்களும் உருவாக்கப்படுகின்றன. பணம் செலுத்திய பின் பதிவும் கிடைப்பதில்லை, தொலைபேசியும் எடுக்கப்படுவதில்லை என்று அம்மையம் விளக்கியது. இணையத்தில் தேடும்போது முதலில் தோன்றும் இணைப்பு பணம் கொடுத்து இடப்பட்ட விளம்பரமாக இருக்கக்கூடும் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

சோதிக்கும் வழி எளியது. விடுதியின் பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்குங்கள். விளம்பரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கோயில் அலுவலகத்திலோ அவ்வூரில் உள்ள தெரிந்தவரிடமோ விசாரித்து விடுதியின் எண்ணைப் பெற்று அழையுங்கள். விடுதியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே முன்பணம் அனுப்புங்கள். அதுவும் ஒரு பகுதி மட்டும். ரசீதில் தேதி, அறைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை, ரத்துசெய்தால் திரும்பக் கிடைக்கும் தொகை ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். வரிவசூலிக்கும் விடுதியாயின் ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கும். அது யாருடைய பெயரில் உள்ளது என்பதை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். வீட்டில் உள்ள பேரனோ பேத்தியோ இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவர். சமய அறக்கட்டளைகள் கோயில் வளாகத்தில் நாளொன்றுக்கு 1000 ரூபாய்க்குக் குறைவாக வாடகை பெற்றுத் தரும் அறைகளுக்கு அவ்வரியிலிருந்து விலக்கு உண்டு. ஆதலால் மடத்து ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை என்று ஐயுறவேண்டா. அறக்கட்டளையின் பெயரும் முத்திரையும் உள்ளனவா என்று பாருங்கள்.

ஒருவேளை பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்கவேண்டா. 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணம் வேறு கணக்குகளுக்குச் சென்றுவிடாமல் தடுக்க வாய்ப்பு அதிகம்.

எங்கே தேடுவது?

குறைந்த செலவில் பொறுப்பான இடங்கள் இன்றும் நிரம்ப உள்ளன. முதலாவது, இந்து சமய அறநிலையத் துறைத் திருக்கோயில்கள் நடத்தும் விடுதிகள். ராமேசுவரம், பழநி, திருச்செந்தூர் போன்ற தலங்களில் இவை உண்டு. இரண்டாவது, மடங்களும் சமூகத்தார் நடத்தும் சத்திரங்களும். நகரத்தார் சத்திரம் காசியிலும் ராமேசுவரத்திலும் பல தலைமுறைகளாக யாத்திரிகரைத் தாங்கி வருகிறது. இவ்விடங்களுக்கென விதிமுறைகள் இருக்கும். கடிதம் எழுதி அனுமதி பெற்றுச் செல்வதே முறை. மூன்றாவது, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஓட்டல் தமிழ்நாடு’ விடுதிகள். ராமேசுவரத்தில் கடற்கரையருகே ஒன்று உள்ளது. நான்காவது, முன்பதிவுப் பயணச்சீட்டு உள்ளவர்களுக்கு ரயில் நிலையங்களில் கிடைக்கும் ஓய்வறைகள். இவை பெரிய குழுவுக்குப் போதா எனினும், வண்டி மாறும் இரவில் உதவும்.

விடுமுறையில் காலியாக உள்ள மாணவியர் விடுதியைத் தருகிறோம் என்று சிலர் சொல்வர். நல்ல யோசனையே. ஆயினும் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்களும் குழந்தைகளும் தங்கும் தனியார் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவ்வுரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டா.

அறையைத் தரும்போது ஒவ்வொருவரின் அடையாளச் சான்றையும் கேட்டுப் பதிவேட்டில் எழுதும் விடுதியைச் சிலர் குறைகூறுவர். உண்மையில் அதுவே ஒழுங்கான விடுதியின் அடையாளம். “சான்றெல்லாம் எதற்கு, வாருங்கள்” என்று சொல்லும் இடத்தில், பக்கத்து அறையில் இருப்பவர் யார் என்பதும் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடைய பேரப்பிள்ளைகள் குழுவில் இருப்பின் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டவர் தங்குவதை விடுதியார் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எல்லாச் சிறு விடுதிகளும் அதற்கு ஆயத்தமாக இரா.

நேரில் பார்க்க வேண்டியவை

பிள்ளைகளை அழைத்துச் செல்லுமுன் பெரியவர் ஒருவர் நேரில் சென்று பார்த்துவருவது மிக நன்று. அந்தப் பேருந்துக் கட்டணம் வீண்செலவன்று. இயலாதெனில் அவ்வூர் அன்பர் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம்.

முதலில் படிக்கட்டு. ஒரே குறுகிய படிக்கட்டு உள்ள மாடியில் முப்பது பிள்ளைகளைப் படுக்கவைக்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நேர்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. குறுகிய வழியில் குழந்தைகளால் வெளியேற இயலவில்லை. அத்துயரத்தை நம் தலைமுறை மறவாது. ஆதலால் கீற்றுக் கொட்டகையும் கடற்கரைக் குடிலும் பார்வைக்கு அழகாயிருப்பினும் பிள்ளைகள் இரவு தங்க ஏற்றவையல்ல. இரண்டாவது வழி உண்டா, அது இரவில் பூட்டப்படுகிறதா, தீயணைப்புக் கருவியின் காலம் முடியாமல் உள்ளதா, சமையலறை உறங்கும் கூடத்தினின்று விலகியுள்ளதா என்று பாருங்கள்.

செலவைக் குறைப்பதற்காகச் சமையல் எரிவாயு உருளையை உடன் எடுத்துச் செல்லும் குழுக்கள் உண்டு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், யாத்திரிகர் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். ரயிலில் அதனைக் கொண்டுசெல்வது சட்டவிரோதம். விடுதி அறையில் வைத்துச் சமைப்பதும் அதற்கு ஈடான ஆபத்தே. உணவுக்கு மடத்தையோ, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைச் சுவரில் காட்டியிருக்கும் உணவகத்தையோ நாடலாம்.

அடுத்தது கழிப்பறை. காலை ஐந்து மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். அதற்கு 39 பேரும் நான்கரைக்குள் ஆயத்தமாக வேண்டும். இரண்டு குளியலறை மட்டும் உள்ள கூடம் எவ்வளவு மலிவாயினும் அந்த ஒரு மணி நேரத்தில் பயன்படாது. குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; தீவின் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது.

ராமேசுவரத்துக்கென்று சில

இத்தலத்தில் விடுதி கோயிலுக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அக்னி தீர்த்தத்தில் நீராடி, ஆலயத்தினுள் 22 தீர்த்தங்களிலும் நீராடிய பின் ஈர உடையை மாற்றியே சுவாமி தரிசனத்துக்குச் செல்ல வேண்டும். 2024 டிசம்பரில் அக்னி தீர்த்தக் கரையருகே தனியார் உடைமாற்றும் அறை ஒன்றில் மறைகேமரா வைக்கப்பட்டிருந்ததை ஓர் இளம்பெண் கண்டுபிடித்தார். காவல்துறையினர் கைது நடவடிக்கை எடுத்தனர். அப்பெண்ணின் விழிப்பு எத்தனையோ பேரைக் காத்தது. நம் மாணவியர் நடந்தே தங்கள் அறைக்குத் திரும்பி உடைமாற்றிக்கொள்ளும் தொலைவில் விடுதி அமைந்தால் இக்கவலை நீங்கும். ஊருக்கு வெளியே வாடகை குறைவாகக் கிடைக்கும் இடத்தில் தங்கினால், ஈர உடையோடு ஆட்டோவில் செல்ல நேரிடும். அல்லது கரையில் கிடைத்த மறைவில் மாற்ற நேரிடும். மிச்சமானதாகத் தோன்றும் பணம் ஆட்டோவுக்கே போய்விடும்.

தங்கும் அறையிலும் உடன் செல்லும் அம்மையர் முதலில் நுழைந்து, குளியலறையை நோக்கிய துளைகள், பொருந்தாத இடத்தில் உள்ள மின்பொருள்கள், வெளியிலிருந்து பார்க்கக்கூடிய காற்றுத் துவாரங்கள் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.

புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பின் ரயில்கள் மீண்டும் தீவுக்குள் வருகின்றன. யாத்திரைத் தலங்களின் நிலையங்களில், “நீங்கள் சொல்லும் சத்திரம் மூடிவிட்டது, நல்ல இடம் காட்டுகிறேன்” என்று தரகர்கள் சூழ்ந்துகொள்வது காசியிலும் உண்டு, இங்கும் உண்டு. அவர் முன்னிலையிலேயே விடுதிக்குத் தொலைபேசியில் பேசிவிட்டால் போதும். தனுஷ்கோடியில் இரவு தங்க ஏற்பாடு செய்கிறேன் என்பவரையும் நம்பவேண்டா. 1964 டிசம்பர்ப் புயலுக்குப் பின் வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்ட இடம் அது. பகலில் சென்று தரிசித்து, மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

இரவு ஒழுங்கு

நல்ல விடுதியைத் தேர்ந்தெடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. பெற்றோர் நம்மை நம்பித்தான் அனுப்புகின்றனர். மாணவியர்க்கும் மாணவர்க்கும் தனித்தனிப் பகுதி வேண்டும். மாணவியர் பகுதியில் இரு அம்மையரேனும் உடனிருக்க வேண்டும். எவ்வளவு மரியாதைக்குரிய பெரியவராயினும், ஒரு பிள்ளையோடு தனியே ஓர் அறையில் தங்கும்படி ஏற்பாடு செய்யக் கூடாது. இது எவர்மீதும் ஐயம் கொள்வதன்று. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் எவர்க்கும் மனவருத்தம் இராது. உறங்குமுன்னும் எழுந்தபின்னும் பெயர் சொல்லி எண்ணுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் விடுதியின் முகவரியும் இரண்டு தொலைபேசி எண்களும் எழுதிய சீட்டு இருக்கட்டும். அவர்கள் உண்ணும் மருந்து, ஒவ்வாத உணவு ஆகியவற்றைப் பெற்றோரிடம் எழுதி வாங்குங்கள். விடுதியின் பெயரையும் பெற்றோர்க்கு எழுதிக் கொடுங்கள். அவசர உதவிக்கு 112, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்னும் எண்களைப் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம். யாரேனும் தகாத முறையில் நடந்தால் உடனே சொல்லலாம், சொன்னால் திட்டமாட்டோம் என்பதைப் புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் பல நேரங்களில் பேசாதிருப்பது நம் கோபத்துக்கு அஞ்சியே.

மீதித் தொகைக்கு வழி

இனி, அம்மையாரின் கணக்குக்கு வருவோம். 39 பேருக்கு இரண்டு இரவு, தலைக்கு 400 என்றால் 31,200 ரூபாய். விளம்பரத்தின்படி 150 என்றால் 11,700 ரூபாய். வேறுபாடு 19,500 ரூபாய். மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாகத் தோன்றும். ஒருவருக்கு 500 ரூபாய் எனப் பிரித்தால் வழி தெரியும்.

முதலில் அக்கோயில் விடுதிக்கும் மடங்களுக்கும் திருமுறை வகுப்பின் பெயரில், ஆலய நிர்வாகத்தின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். பதிகம் பாட வரும் பிள்ளைகள் என்றால் பல இடங்களில் கட்டணத்தைக் குறைப்பர். கூட்டமில்லாத வாரநாளுக்குப் பயணத்தை மாற்றினாலும் வாடகை குறையும். அமாவாசையையும் தொடர் விடுமுறையையும் தவிர்க்கலாம். அப்போதும் குறைவது ஊர் அன்பர்களிடம் கேட்கத்தக்க தொகையே.

காமாட்சி அம்மை காஞ்சியில் வளர்த்ததாகப் போற்றப்படும் முப்பத்திரண்டு அறங்களில் ‘ஓதுவார்க்கு உணவு’ என்பதும் ஒன்று. ஓதுவார் என்றால் அங்கே கல்வி பயில்வோர். அன்னதானத்துக்கு மனமுவந்து தரும் நாம், பயிலும் பிள்ளை பாதுகாப்பாக உறங்கும் இரவுக்கும் தரலாம். மூட்டுவலியால் சேதுவுக்குச் செல்ல இயலாத மூத்த அன்பர் ஒருவர், தம் தெருவிலிருந்து செல்லும் ஒரு பிள்ளைக்கு 500 ரூபாய் கொடுத்து, “எனக்காகவும் தீர்த்தமாடி வா” என்று அனுப்பினால், அதுவும் யாத்திரையே. சத்திரம் கட்டிய மன்னர்களும் வணிகர்களும் செய்த அறத்தில் அவருக்கும் ஒரு பங்கு கிடைக்கும்.

அம்மையார் 400 ரூபாய் விடுதியையே முடிவு செய்யட்டும். முன்பணத்துக்கு ரசீது பெற்றுக்கொள்ளட்டும். ராமநாத சுவாமியும் பர்வதவர்த்தினி அம்மையும் அப்பிள்ளைகளுக்குத் துணைநிற்பார்களாக.